ட்ரெயிலரில் முகாம் வேண்டாம்

செட்டிகுளம்,
12.07.2025

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பின குரல்பதிவுகள் எல்லாவற்றையும் கேட்டேன். வட்சப்பில் துண்டு துண்டாகக் கதைத்தால் கதை குழம்பிப் போகும், அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் பரவாயில்லை. வெயில்தான் சொல்லி வேலையில்லை, குளத்தில் தண்ணீர் அடியோடு போய்விட்டது.

எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படம் எடுக்க முதல் ட்ரெயிலர் ஒன்று செய்து அங்கே கனடாவில் இருக்கிற பழைய மாணவர்களுக்குக் காட்டினால்தான் மைக்குக்கும் விளக்குக்கும் காசு சேரும் என்று சொன்னவன் நீ. பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நீ சொல்கிற ட்ரெயிலர் இருக்கிறதே, இருட்டுத் திரை, ஷெல் சத்தம், கூடாரங்களின் பழைய வீடியோ, தலையில் அடித்து அழுகிற தாய், கடைசியில் 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்று சிவப்பு எழுத்து, அது வேண்டாம். நீ உடனே கோபிக்காதே. கதையை நீ பாதிதான் கேட்டிருக்கிறாய், முழுக்கச் சொல்கிறேன்.

பதினோராம் வகுப்பு. இரண்டாம் தவணை நடுவில் முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஒரு பிள்ளை வந்து சேர்கிறாள். தகப்பன் மேசன், வேலை கிடைத்த இடத்துக்குக் குடும்பத்தோடு வந்துவிட்டார். அவளுக்குக் கடைசி வாங்குதான் கிடைக்கிறது. கதையில் அவளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, பிள்ளைகளுக்குள் அதில் பெரிய சண்டை. வகுப்பில் ஒரு பெடியன் அவளுக்கு 'வந்தவள்' என்று பட்டம் வைக்கிறான். அவன் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே செட்டிகுளம் என்று நெஞ்சை நிமிர்த்துகிற ஆள். அப்படிப்பட்டவர்களை உனக்கும் தெரியும், ஒருவரோடு நீ அடிபட்டும் இருக்கிறாய்.

பிறகு அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கிற நாள் வருகிறது. உன்னுடைய காலத்தில் பதினாறு வயது, இப்போது பதினைந்திலேயே பள்ளிக்கூடத்தால் விண்ணப்பம் போகிறது. ரீச்சர் ஒவ்வொருவரின் பிறப்புச் சான்றிதழையும் வாங்கிப் படிவத்தோடு ஒத்துப்பார்க்கிறா. பிறந்த இடம் என்ற கட்டம் வருகிறது. பாட்டன் பூட்டன்காரனுக்கு வவுனியா. பிரசவத்துக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பார்கள். இன்னொருத்திக்கு மன்னார். ஒருவனுக்கு மண்டபம், இந்தியாவில் முகாமிலிருந்து திரும்பி வந்த குடும்பம். முழு வகுப்பிலும் செட்டிகுளம் என்று எழுதியிருக்கிறது ஒரேயொரு ஆளுக்குத்தான். அது வந்தவளுக்கு.

இந்த முடிச்சை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாகப் பிள்ளைகளே போட்டது. போன மாதம் அவர்களுடைய விண்ணப்பங்கள் நிரப்பினபோது மேசையில் சான்றிதழ்களைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பகிடி பண்ணினார்கள், அதிலிருந்து பிறந்த கதை.

அந்தப் பிள்ளைக்கே தான் இங்கே பிறந்தது தெரியாது. பின்னேரம் வீட்டுக்குப் போய்த் தாயிடம் கேட்கிறாள். தாய் சட்டி கழுவிக்கொண்டு, நிமிராமல், "அப்ப நாங்கள் இராமநாதனில இருந்தனாங்கள்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போகிறா. பிள்ளை என்ன நினைக்கிறாள்? இராமநாதன் என்றால் யாரோ ஒரு ஐயா, அவருடைய வீட்டில் இருந்திருக்கிறார்கள் என்று. அடுத்த நாளிலிருந்து செட்டிகுளத்தில் இராமநாதன் ஐயாவின் வீட்டைத் தேடத் தொடங்குகிறாள். கடையில் கேட்கிறாள், தபாற்கந்தோரில் கேட்கிறாள். அவளோடு சேர்ந்து தேட வேண்டிவருகிறவன் அந்தப் பட்டம் வைத்த பெடியன். ஊரில் தனக்குத் தெரியாத வீடில்லை என்று அவன்தானே சொல்லித் திரிந்தவன்!

உனக்கும் எனக்கும் அந்தப் பெயர் தெரியும். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் வலயங்களுக்கு ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம், கதிர்காமர் என்று பெயர் வைத்திருந்தார்கள். போர் முடிந்தபோது இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனத்தைக் கம்பிக்குள் வைத்துவிட்டு வைத்த பெயர்கள். 2012 செப்டம்பரில் கேப்பாப்புலவுச் சனத்தைக் கடைசியாக ஏற்றினதோடு முகாம் மூடப்பட்டது. இப்போது பதினோராம் வகுப்பில் இருக்கிற பிள்ளைக்கு அன்றைக்கு மூன்று வயது. நான் வகுப்பில் அந்த நான்கு பெயரையும் கரும்பலகையில் எழுதிக் கேட்டுப் பார்த்தேன். இராமநாதனும் அருணாசலமும் வரலாற்றுப் புத்தகத்தில் வருகிற பெரிய மனிதர்கள், பரீட்சைக்கு வருவார்கள் என்று சொன்னார்கள். பக்கத்திலே இருந்த முகாம் வலயங்களின் பெயர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டில் யாரும் சொல்லவில்லை. தாய்மார் சொல்லாமல் விட்டதற்கு நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இனி நீயே யோசி. படம் பார்க்கிறவன் அவளோடு சேர்ந்து அந்த வீட்டைத் தேட வேண்டும். ட்ரெயிலரில் கூடாரத்தைக் காட்டிவிட்டால், தேடத் தொடங்க முதலே அவனுக்கு விடை தெரியும். பிறகு இருபது நிமிடமும் அவன் கதிரையில் இருந்துகொண்டு, இந்தப் பிள்ளைக்கு எப்போது விளங்கும் என்று கொட்டாவி விடுவான். அவளுடைய கேள்வி அவனுக்குக் கேள்வியாகவே இராது.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிது. செட்டிகுளம் என்று இணையத்தில் தேடிப் பார். கம்பிவேலி, வெள்ளைக் கூடாரம், 2009 மே மாதம் பான் கீ மூன் வந்து பார்த்துவிட்டுப் போன படம். இங்கே அதற்கு முதலும் சனம் இருந்தது, இப்போதும் இருக்கிறது, நெல் விதைக்கிறது, யானைக்கு வெடி கொளுத்துகிறது, ரியூசனுக்குப் போகிறது என்று ஒருவருக்கும் தோன்றாது. உங்கள் பக்கத்துச் சனம் முதல் ஐந்து நொடியில் கூடாரத்தைக் கண்டால், 'ஓ, இதுவா' என்று ஒரு பெருமூச்சு விட்டு, காசும் தரக்கூடும். தந்துவிட்டுப் படத்தைப் பார்க்காமலே விடும். பார்த்தாயிற்று என்ற நினைப்பு வந்துவிடும். எங்கள் பிள்ளைகள் இரக்கத்துக்குப் படம் எடுக்கவில்லை, தம்பி. ஒரு வகுப்பில் யார் ஊர்க்காரர், யார் வந்தவர் என்று கேட்கிற படம் எடுக்கிறார்கள். வன்னியில் இந்தக் கேள்வி புதிதும் இல்லை. எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறின சனத்தை நாங்கள் எத்தனை வருசம் வந்தவர்கள் என்றே சொன்னோம்? புதியவன் இராசையா தன்னுடைய 'மண்' படத்தில் அதைத்தானே எடுத்தார்.

சரி, அப்படியென்றால் ட்ரெயிலரில் என்ன இருக்கும் என்று கேட்பாய்.

அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிற ஸ்ரூடியோ. நீலத் திரை, ஒரு ஸ்டூல். கமரா ஒரே இடத்தில், அசையாது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து இருப்பார்கள். படக்காரரின் குரல் மட்டும் கேட்கும், காது தெரிய வேணும், தலையை நிமிர்த்து, சிரிக்காதே என்று. அந்தப் படத்துக்குச் சிரிக்கக் கூடாது என்றவுடன் எங்கள் பிள்ளைகளுக்கு வருகிற சிரிப்பை நீ பார்க்க வேண்டும். ஒருத்தி கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டு இருக்கிறாள், கண்ணில் தண்ணீர் நிற்கிறது. ஒத்திகையில் தற்செயலாக விழுந்த முகம் அது, அப்படியே வைத்திருக்கிறோம்.

அந்த முகங்களின் மேல் ரீச்சரின் குரல் விழும்.

"பிறந்த இடம்?"

"வவுனியா."

"பிறந்த இடம்?"

"வவுனியா."

"மன்னார்."

"மண்டபம்." பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம். அந்தப் பெடியனின் முகம் அசையாது.

"அநுராதபுரம்."

கேள்வியும் பதிலும் வரவர வேகமாகும். நடுவில் ஒரு நொடி, இரண்டு நொடியாக வேறு காட்சிகள்: கடைசி வாங்கு, மேசையில் கவராய முனையால் 'வந்தவள்' என்று கீறியிருப்பது, தாயின் ஈரக்கை, தபாற்கந்தோர் யன்னலுக்குள்ளே எட்டிப் பார்க்கிற இரண்டு தலைகள், "அப்பிடி ஒரு ஆள் இஞ்சை இல்லைப் பிள்ளை" என்ற ஒரு குரல். பிறகு அவள் வந்து ஸ்டூலில் இருப்பாள். இந்த முறை குரல் மெதுவாகக் கேட்கும். அவள் சொல்ல வாயெடுப்பாள். பள்ளிக்கூட மணி அடிக்கும். திரை கறுப்பு. 'பிறந்த இடம்' என்று படத்தின் பெயர். வேறு எழுத்து ஒன்றும் வேண்டாம்.

மணியைப் பற்றி நீ கவலைப்படாதே, அதைப் பதிந்துவிட்டோம். எங்கள் மணி உனக்கு மறந்திருக்காது, தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுதான் இன்னும். தலைமன்னார்ப் பாதையில் 1990இல் ரயில் நின்று, தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கருக்குப் போய், 2013இல் மடு வீதி வரைக்கும், 2015இல் தலைமன்னார் வரைக்கும் புதுப்பாதை போட்டு ரயில் வந்துவிட்டது. எங்கள் துண்டு மட்டும் பழைய பாதையில் மிஞ்சினது. கிட்டப் பிடித்துப் பதிந்தால் போன் மைக்கில் சத்தம் கிழிகிறது. ஒரு பெடியன் கிணற்றடிக்குப் போய் நின்று பதிந்தான். அதில் முதல் அடி ஒன்று, பிறகு இழுபட்டுப் போகிற ரீங்காரம் ஒன்று என்று இரண்டும் வேறுவேறாக விழுந்திருக்கிறது. கறுப்புத் திரை வந்த பிறகும் அந்த ரீங்காரம் ஓட வேண்டும். அதன் மேல் பாட்டு எதையும் ஏற்றிவிடாதே. சினிமாப் பாட்டுப் போட்டால் யூடியூப்பில் உரிமைப் பிரச்சினை வரும் என்பது உனக்கு என்னைவிடத் தெரியும். அது இல்லாவிட்டாலும் வேண்டாம்.

படமே எடுக்காமல் ட்ரெயிலர் எடுப்பது ஏமாற்று இல்லையா என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. நான் அவர்களுக்கு ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ' ட்ரெயிலரைப் போட்டுக் காட்டினேன், 1960இல் வந்தது. ஆறு நிமிடத்துக்கு மேல் மனுசன் தானே அந்த விடுதியையும் வீட்டையும் சுற்றிக் காட்டுகிறார், இங்கேதான் நடந்தது, அங்கேதான் நடந்தது என்று பாதி சொல்லிப் பாதி விழுங்குகிறார். படத்துக் காட்சிகளை வெட்டி ஒட்டவில்லை, ட்ரெயிலருக்கென்றே தனியாக எடுத்தது. கடைசியில் குளியலறைத் திரையை இழுத்ததும் கத்துகிற பெண்கூடப் படத்தில் அந்தக் காட்சியில் வருகிற ஜனெட் லீ இல்லை, வீரா மைல்ஸ். பிள்ளைகள் பயந்தும் சிரித்தும் பார்த்தார்கள். தனியாக எடுக்கலாம், ஆனால் படத்தில் இல்லாத உணர்ச்சியை ட்ரெயிலரில் விற்கக் கூடாது என்று பேசி முடித்தோம். ஷெல் சத்தம் வேண்டாம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் படத்தில் ஒரு ஷெல்லும் விழவில்லை.

கதை சின்னதாக இருக்கிறது, யார் பார்ப்பார்கள் என்று நீ சொன்னாய். கியரொஸ்தமியின் 'நண்பனின் வீடு எங்கே' படத்தில் ஒரு பெடியன் தவறுதலாகக் கொண்டுவந்த கொப்பியைத் திருப்பிக் கொடுக்க வீடு தேடுகிறான், அவ்வளவுதான் கதை. 1987இல் எடுத்தது, இன்றைக்கும் பார்க்கிறார்கள். மஜீத் மஜீதியின் 'சில்ரன் ஒஃப் ஹெவன்' ஒரு சோடிச் சப்பாத்து. எங்களுடையது ஒரு கட்டத்தில் எழுதியிருக்கிற ஒரு ஊர்ப்பெயர். இதைவிடப் பெரிய கதை பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தேவையில்லை.

கமராவும் அப்படித்தான். நல்ல கமரா வாடகைக்கு எடுக்கிற வரைக்கும் பொறுக்கச் சொல்கிறாய். மதிசுதா 'வெந்து தணிந்தது காடு' முழுநீளப் படத்தையே கைபேசியில் எடுத்து முடித்தார். ட்ரெயிலருக்குப் போன் போதும், வருகிற காசு மைக்குக்குப் போகட்டும். எங்கள் பிள்ளைகளின் பிரச்சினை படம் இல்லை, குரல். நாடகமும் அரங்கியலும் படிக்கிறவர்கள், தமிழ்த்தினப் போட்டி மேடையில் பின் வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று பழகினவர்கள். "வவுனியா" என்று சொல்லச் சொன்னால் வவுனியாவுக்கே கேட்கச் சொல்கிறார்கள்! கையும் கூடவே எழும்புகிறது. கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் இருக்கச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் முகம் முகமாக வந்தது. வந்தவளாக நடிக்கிற பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு மேடையில் எப்போதும் கூட்டத்தில் ஒருத்தி வேடம்தான் கிடைத்தது.

வேறு சில ஆசைகளையும் வெட்டிவிட்டேன், நீ திரும்பவும் கிளப்பாதே. பிள்ளை தண்டவாளத்தில் தனியாக நடந்து போகிற காட்சி வேண்டாம். எல்லாப் படத்திலும் பார்த்த காட்சி, ஆபத்து வேறு, சட்டப்படி குற்றமும். குளத்துக்கு மேலே ட்ரோன் வேண்டாம். அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும், அந்த அலைச்சலுக்கு எனக்கு நேரமில்லை. அந்திவெளிச்சம் வடிவாக இருக்கும் என்று நீ சொன்னதும் நடவாது. பொழுது சாய்ந்தால் இந்தப் பக்கம் யானை இறங்கும், தாய்தகப்பன் பிள்ளைகளை விடமாட்டார்கள். காலை வெயிலில்தான் எடுப்போம்.

இனி ஒரு முக்கியமான விசயம், இது நமக்குள். எங்கள் பள்ளிக்கூடத்திலும் முகாம் காலத்தில் பிறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில் ஒரு பிள்ளையின் உண்மைச் சான்றிதழைத் திரையில் கிட்டக் காட்டினால் நம்பகமாக இருக்கும் என்று நீ யோசனை சொன்னாய். அதை மட்டும் செய்யவே மாட்டேன். அந்தப் பிள்ளையின் பெயரும் இலக்கமும் தாயின் பெயரும் கனடா முழுக்கச் சுற்றும். சான்றிதழ் ஒன்றும் திரையில் வராது, ரீச்சரின் கை அதை மறைத்தபடி இருக்கும். அந்தப் பிள்ளைகளின் தாய்மார் சிலரைக் கண்டு கதையைச் சொன்னேன். ஒரு அம்மா, "இராமநாதன் எண்டு பேர் வாற இடத்தை மட்டும் வைச்சிருங்கோ ரீச்சர், வேற ஒண்டும் காட்ட வேண்டாம்" என்று சொன்னா. அதற்கு மேல் நானும் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை.

முகாமை மறைக்கப் பார்க்கிறாய் என்று நீ நினைக்கக்கூடும். இல்லை. படத்தில் அது வருகிறது, வர வேண்டிய இடத்தில். கடைசியில் தாயே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்குகிறா. பட்டம் வைத்த பெடியனும் சைக்கிளில் வருகிறான். தாய் காட்டுகிற இடத்தைக் கமரா பார்க்காது, காட்டுகிற தாயைத்தான் பார்க்கும். அந்தக் காட்சிக்கு என்ன வசனம் என்று இன்னும் எழுதவில்லை. பிள்ளைகள் எழுதட்டும் என்று விட்டிருக்கிறேன், நீயும் அவசரப்படுத்தாதே.

இனி உன்னுடைய வேலை. முகங்களையும் மணியையும் தனித்தனிக் கோப்பாக ட்ரைவில் போட்டிருக்கிறேன். கடைசிக் காட்சி வருகிற சனிக்கிழமை எடுத்து அனுப்புவேன். எழுபத்தைந்து நொடிக்கு மேல் போகக் கூடாது. மண்டபம் என்று சொன்ன பிறகு வருகிற சிரிப்பை வெட்டாதே, அதற்குப் பின்னால் ஒரு மூச்சு இடம் விடு. நிறத்தைப் பழுப்பாக்காதே, எங்கள் வெயிலுக்கு அந்த நிறம் இல்லை. கலியாண வீடியோவில் நீ செய்கிற மெதுவோட்டம் இதில் ஒரு இடத்திலும் வரக் கூடாது. இதெல்லாம் உனக்குச் சரிவராது என்றால் இப்போதே சொல்லு, வவுனியாவில் ஒருவரிடம் கொடுத்து வெட்டுவிக்கிறேன். ஆனால் நீ வெட்டினால்தான் எனக்கும் பிள்ளைகளுக்கும் சந்தோசம். ஆவணிக்கு முன்னம் முடித்து அனுப்பு.

அன்புடன்,
அக்கா